எண்ணெய் ஊற்றாத கல்

திண்டுக்கல்லில் கடல் இல்லை. இந்தக் குறையைப் போக்க ஊரில் இரண்டு பேர் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் அந்தோணிராஜ். மீன் மார்க்கெட்டின் பதினான்கு கடைகளுக்குமான 'அனைத்துக் கடல்மீன் சில்லறை வணிகர் எழுச்சிப் பேரவை'யின் நிறுவனர், தலைவர், செயலாளர். பொருளாளர் பதவி காலியாக இருந்தது. அதையும் அவரே கவனித்துக்கொண்டார். வேளாங்கண்ணிக்குப் போனபோது ஒருமுறை முழங்கால் வரை கடலில் நின்றிருக்கிறார். அந்தப் படம்தான் பேரவையின் லெட்டர்பேடில் இருக்கிறது.

இன்னொருவர் அப்துல் ஜப்பார். இவர் முழங்கால் வரைகூட நின்றதில்லை. இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் தோலுக்கு உப்புத் தடவினார். ஷாப்பு மூடியதும் மனைவி நர்கீஸின் மீன் கடைக்கு வந்து ஐஸ் தட்டினார். ஐஸ் தட்டுவது பத்து நிமிஷ வேலை. மீதி நேரத்துக்கு அவரிடம் ஒரு செல்போன் இருந்தது.

அந்தப் போனில் கடல் வரைபடம் ஒன்றை ஏற்றிக் கொடுத்தவள் அவர் மகள் ஃபர்ஹீன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அத்தா கடையில் சும்மா உட்கார்ந்து வருகிறவர்களிடம் அரசியல் பேசிச் சண்டை இழுக்காமல் இருக்கட்டும் என்றுதான் செய்தாள். வரைபடத்தில் சூடான கடல் சிவப்பாகத் தெரியும். பாசி பூத்த கடல் பச்சையாகத் தெரியும். நடுவில் ஒன்றுமில்லாத கடல் நீலம். ஜப்பார் விடிகாலை பஜ்ரு தொழுதுவிட்டு வந்ததும் முதலில் அதைத்தான் திறப்பார். பிறகு டீக்கடைக்குப் போய் உலகத்துக்கு அறிவிப்பார்.

"எல்நினோன்னா என்னா? பசிபிக்குல தண்ணி சூடாகுறது. அங்க சூடானா இங்க காத்து மாறும். காத்து மாறுச்சுன்னா அடியில கெடக்குற குளுந்த தண்ணி மேல வராது. அந்தத் தண்ணியிலதான்யா உரம் இருக்கு. அது மேல வரலேன்னா பிளாங்க்டன்ங்கிற பாசி இல்ல. பிளாங்க்டன் இல்லேன்னா மத்திக்குச் சோறு இல்ல. மத்திக்குச் சோறு இல்லேன்னா..."

"நமக்குக் கொழம்பு இல்ல" என்று டீ மாஸ்டர் முடித்துவைத்தார்.

"பாய், எங்க தெருவுக்குப் பதினாறு நாளாத் தண்ணி வரல. அதுக்கும் இந்த எல்நினோதானா?" என்றது பெஞ்சின் மறுமுனை.

"அது வேற டிபார்ட்மெண்ட்" என்றார் ஜப்பார், சிரிக்காமல்.

இப்படித்தான் அவருக்கு எல்நினோ பாய் என்று பேர் வந்தது. கேலிக்கு வைத்த பேர். அவருக்கு அது பட்டமாகப் பட்டது.

நர்கீஸுக்கு வேறு மாதிரி பேர். மத்தி என்றால் நர்கீஸ் என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாங்க வந்த ஒரு ஆள் மீனைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஐஸுல கெடந்து செத்த மீனு" என்று சொல்லிவிட்டார். நர்கீஸ் பக்கத்து டீக்கடையிலிருந்து ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுத் தோசைக்கல்லைக் காயவைத்து, உப்பும் மஞ்சளும் தடவிய ஒரே ஒரு மத்தியை அதில் போட்டாள். எண்ணெய் ஒரு சொட்டு ஊற்றவில்லை. இரண்டு நிமிஷத்தில் மீன் தன் கொழுப்பை விட்டது. கல்லெல்லாம் எண்ணெய் ஓடி, அந்த எண்ணெயிலேயே மீன் பொரிந்து, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த ஆள் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து போனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கல் காய்ந்தது. நர்கீஸ் வாயால் மீனைப் புகழ்ந்ததே கிடையாது. கல் சொல்லும்.

பிறகு மத்தி வருவது குறைந்தது. ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் வராது. அப்புறம் வரவே இல்லை. நர்கீஸ் அணையில் வளர்த்த கட்லாவையும் ஜிலேபியையும் வெட்டிக் கொடுத்தாள். அந்த மீன்களுக்குக் கல் காயவைக்கவில்லை. சுருட்டிய கோணியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. வாடிக்கை ஒவ்வொன்றாக பிராய்லர் பக்கம் நகர்ந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஜப்பாரின் தம்பி இஷாக், அண்ணனுக்கு குடோன் காவலும் மதினிக்கு பேக்கிங்கும் சொல்லிவைத்தான். புரட்டாசி முதல் தேதி வந்து சேரவேண்டும். ஆவணி முடிவதற்குள் மத்தி வந்தால் இங்கே. வராவிட்டால் கடையை ஒப்படைத்துவிட்டுத் திருப்பூர். ஃபர்ஹீனின் படிப்பு பாதியில் நிற்கும். இது வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்ட நாளிலிருந்து மூன்று பேருக்கும் இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

ஆவணி பிற்பகுதியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சோற்றுத் தட்டின் முன்னால் ஜப்பார் போனை நீட்டினார்.

"பாருடி. கொல்லத்துலருந்து கொச்சி வரைக்கும் பச்சை. வயக்காடு மாதிரி."

"மொதல்ல சாப்புடுங்க. வெஞ்சனம் ஆறுது."

"என்னா வெஞ்சனம்?"

"பீர்க்கங்காய்."

"அதுவும் பச்சைதான்" என்றாள் ஃபர்ஹீன். "அத்தா, பச்சைன்னா பாசி இருக்குன்னு அர்த்தம். மீன் இருக்குன்னு அர்த்தமில்ல."

"சோறு ஆக்கி வச்சிருக்குற வீட்டுக்கு ஆள் வராமயா போவாங்க?"

"நம்ம வீட்லயும்தான் ஆக்கி வச்சிருக்கு. ஒன் சித்தப்பாதான் திருப்பூர்லருந்து போன் பண்ணிக்கிட்டே இருக்காரு" என்று நர்கீஸ் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்ததை வாயில் வைக்கவில்லை.

அவளுக்கும் செய்தி வந்திருந்தது. கொல்லத்திலிருந்து மீன் வேன் ஓட்டும் கருப்பணன் முந்தாநாள் போன் பண்ணியிருந்தான். அக்கா, மத்தி குமிஞ்சு கெடக்கு, எத்தன பெட்டி போடட்டும் என்று கேட்டான். நர்கீஸ் இரண்டு பெட்டி சொன்னாள். அந்த இரண்டு பெட்டியில்தான் அவள் காரியம் இருந்தது. ஞாயிறு காலை கல் காயும். எண்ணெய் விட்டால் இருப்பது, விடாவிட்டால் போவது. மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

ஆனால் ஜப்பார் அதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டார். டீக்கடையில் சொன்னது அந்தோணிராஜ் காதுக்குப் போக எட்டு நிமிஷம் ஆயிற்று. சாயங்காலம் வெள்ளைச் சட்டையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பாய், உங்க ஞானத்த நாங்க மதிக்காம இருந்துட்டோம். ஞாயித்துக்கெழம விழா."

"என்னா விழா தலைவரே?"

"மத்தி மீள்வருகை வரவேற்பு விழா. அதுக்கடுத்து புரட்டாசி பொறந்துரும், பாதி ஊரு கவுச்சி தொடாது. அதனால இந்த ஞாயிறுதான். தங்கச்சி கல்லுதான் தொடக்கம். குத்துவிளக்குக்குப் பதிலா அடுப்பு. நான் பத்த வக்கிறேன். மொத மீன நான் ருசிக்கிறேன். போட்டோ. கருப்பணன்ட்ட நான் பேசிட்டேன், ரெண்டு பெட்டி பத்தாது, இருபது பெட்டி."

"இருபதா?" என்றாள் நர்கீஸ். "அண்ணே, மீன இன்னும் கண்ணால பாக்கல."

"அதான் பாய் பாத்துட்டாரே, சேட்டிலைட்ல."

ஜப்பார் தாடியைத் தடவிக்கொண்டார். அந்தப் பூரிப்பைப் பார்க்க நர்கீஸுக்கு எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. தோல் ஷாப்பு மூடிய பிறகு அவரை யாரும் வீடு தேடி வந்து ஒரு காரியம் கேட்டதில்லை.

ஞாயிறு காலையில் மார்க்கெட் வாசலில் இருபதடி ஃபிளெக்ஸ் நின்றது. அந்தோணிராஜ் கைகூப்பிச் சிரித்தார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சுறா பாய்ந்தது. கம்ப்யூட்டர் சென்டர்க்காரரிடம் மத்திப் படம் இல்லையாம். மூலையில் தபால்தலை அளவுக்கு ஜப்பாரின் படம், அடியில் 'கடலியல் ஆலோசகர்' என்றிருந்தது. ஜப்பார் அதன் கீழே மூன்று தடவை நடந்துபோய் மூன்று தடவை திரும்பி வந்தார்.

ஆறு மணிக்கு வரவேண்டிய வேன் வரவில்லை. ஏழாயிற்று. மலைப்பாதையில் ஆரியங்காவில் மரம் விழுந்து கிடக்கிறது என்றான் கருப்பணன் போனில். எட்டாயிற்று. ஆவணி வெயில் சிமெண்டு மேடையைச் சுட ஆரம்பித்தது. மழையில்லாத காற்று ரோட்டுப் புழுதியை அள்ளிவந்து காலி மேடைகளில் கொட்டியது. பாத்திரத்தோடு வந்தவர்கள் கோழிக்கடைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே நின்றார்கள். நர்கீஸ் அரிவாள்மனையைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள். மைக்கில் அந்தோணிராஜ், "இன்னும் செத்த நேரத்தில்" என்ற வாக்கியத்தை ஒன்பது தடவை சொல்லியிருந்தார்.

ஒன்பதரைக்கு வேன் வந்தது. கருப்பணன் இறங்கி முதல் பெட்டியை நர்கீஸின் மேடையில் வைத்தான். அவள் ஐஸை ஒதுக்கி ஒரு மீனை எடுத்தாள். பளபளவென்று இருந்தது. கண் தெளிவு, செவுள் சிவப்பு. கட்டைவிரலை முதுகில் வைத்து மெதுவாக வாலை நோக்கி இழுத்தாள். விரலுக்குக் கீழே எலும்பு தட்டுப்பட்டது.

"கருப்பணா, என்னடா இது, ஊசி மாதிரி இருக்கு?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "எல்லாமே அப்புடித்தான்க்கா. அங்க கடக்கரையில கேட்டேன். ரெண்டு வருசமா மழையும் காத்தும் ஒழுங்கா வந்து, பொரிச்ச குஞ்சு அம்புட்டும் பொழச்சுக்கிருச்சாம். கடலு முழுக்க இதுதான். ஆனா அம்புட்டுக்கும் தீனி பத்தல."

"பாசி நெறைய இருக்குன்னு இவரு சொன்னாரே?"

"இருக்குக்கா. ஐந்நூறு பேருக்கு பிரியாணி ஆக்கியிருக்கு, ஆயிரம் பேரு பந்தியில ஒக்காந்துட்டான். அப்ப என்னாகும்? யாரும் பட்டினி கெடந்து சாகல, யாருக்கும் வயிறும் நெறையல. வளரவும் இல்ல, கொழுப்பும் வைக்கல. இன்னும் ரெண்டு மாசம் தின்னுச்சுன்னா தேறும்னு சொல்றாங்க. அதுக்குள்ள அள்ளிப்புடுறோம்ல."

"இத நேத்தே சொல்றதுக்கென்ன?"

"தலைவருட்ட சொன்னேன்க்கா. ஃபிளெக்ஸ் அடிச்சாச்சுன்னாரு."

ஜப்பார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒரு மீனை எடுத்துப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். போனில் கடல் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. பிறகு நர்கீஸை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். முழங்கால் வலிக்கு அவர் தினம் போடும் மீன் எண்ணெய் மாத்திரை.

"ஊசியால குத்தி ஒரு மாத்திரைய கல்லுல விட்டுட்டீன்னா போதும். யாருக்கும் தெரியாது."

நர்கீஸ் அவரையே பார்த்தாள்.

"பொய்யில்லடி. இதுவும் மீன் எண்ணெய்தான்."

"ஏங்க, பன்னெண்டு வருசமா அந்தக் கல்லு பேசுன பேச்சு."

"அந்தப் பேச்சக் கேட்டா நாளைக்கு நீ பனியன் மடிப்ப, நான் குடோன் வாசல்ல ஒக்காந்திருப்பேன். புள்ள காலேஜ் என்னாகும்? நான்தான் பச்சை பச்சைன்னு கத்திட்டேன். ஒரு தடவ காப்பாத்திவிடு."

அவள் ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

மைக் அலறியது. அந்தோணிராஜ் தீக்குச்சியை மூன்று கோணத்தில் காட்டி, போட்டோக்காரர் தலையாட்டிய பிறகே அடுப்பைப் பற்றவைத்தார். கல் காய்ந்தது. நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். முன்வரிசையில் மணிமேகலை டீச்சர் வெறும் தூக்குவாளியோடு நின்றார். கல் முதன்முதலில் காய்ந்த வருஷத்திலிருந்து வருகிறவர். ஃபர்ஹீன் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஜப்பார் ஃபிளெக்ஸ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

நர்கீஸ் ஒரு மீனுக்கு உப்பும் மஞ்சளும் தடவினாள். இடது கை மூடியே இருந்தது. வலது கையால் மீனைக் கல்லில் வைத்தாள். சத்தம் வந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கல்லில் எண்ணெய் கசியவில்லை. மீனைச் சுற்றி வெறும் தண்ணீர் கொதித்து வற்றியது. அவளுடைய இடது கை ஒருதரம் கல்லை நோக்கி நகர்ந்ததை ஜப்பார் பார்த்தார். பிறகு அது முந்தானைக்குள் போய்விட்டது. கரண்டியை மீனுக்கு அடியில் கொடுத்தாள். தோல் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. முதுகு ஒரு பக்கம், முள் ஒரு பக்கமாகக் கிழிந்து வந்தது.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் கோழிக்கடைக்கு நடக்க ஆரம்பித்தார்கள்.

அந்தோணிராஜ் தலைவரானது சும்மா இல்லை. கிழிந்த மீனை ஒரு கணம்தான் பார்த்தார். மைக்கை வாய்க்கு இழுத்தார்.

"பார்த்தீர்களா பெருமக்களே! ஒரு சொட்டுக் கொழுப்பு உண்டா? இல்லை! சுகருக்குப் பயந்தவர்களே, பிரஷருக்குப் பயந்தவர்களே, காலையில் கைவீசி நடக்கும் அன்பர்களே! இதுவரை நாம் தின்றது கொழுப்பு மத்தி. இது கொழுப்பில்லா மத்தி! பேரவையின் முயற்சியால் திண்டுக்கல்லில் முதன்முறையாக!"

கோழிக்கடைக்குப் போனவர்கள் நின்றார்கள். நடைப்பயிற்சி பனியனோடு வந்திருந்த ஒருவர் தொப்பையைத் தடவியபடி, "இது புது ரகமா?" என்று கேட்டார். "டயட்டுக்கு நல்லதோ?" என்றது இன்னொரு குரல். பை விரியும் சத்தம் கேட்டது. ஃபர்ஹீன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"சந்தேகம் இருந்தால் நமது கடலியல் ஆலோசகரையே கேளுங்கள்" என்று அந்தோணிராஜ் மைக்கை ஜப்பார் கையில் திணித்தார். "சொல்லுங்க பாய். இது தனி ரகம்தான?"

ஜப்பாருக்கு வாழ்க்கையில் முதல் மைக். தலைக்கு மேலே அவருடைய படம், கீழே பதவி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இருபது பெட்டியும் பத்து மணிக்குள் காலியாகும். திருப்பூர் தூரமாகிவிடும். அவர் நர்கீஸைப் பார்த்தார். அவள் முந்தானையிலிருந்து கையை எடுத்து விரித்தாள். மாத்திரை உடையாமல் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, கல்லைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ரகமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல" என்றார் ஜப்பார். மைக் அதை மார்க்கெட் முழுக்கச் சொன்னது. "அதே மத்திதான். பட்டினி. நெறயப் பொறந்து, திங்கப் பத்தாம மெலிஞ்சு போயிருக்கு. பச்சையப் பாத்துட்டு நான்தான் அவசரப்பட்டேன். பாசி வந்தா மீன் பொழைக்குது. கொழுக்க இன்னும் நாளாகும். அது மேப்புல தெரியாது."

தொப்பைக்காரர் பையை மடித்தார். கால்மணி நேரத்தில் மேடையைச் சுற்றி ஈக்களும் மணிமேகலை டீச்சரும்தான் மிச்சம்.

"பொரிக்க ஆகாது. புளி கூட ஊத்திக் கொழம்பு வைக்கலாம்ல?" என்று டீச்சர் தூக்குவாளியைத் திறந்தார்.

"முள்ளுதான் இருக்கும் டீச்சர்."

"உண்மையச் சொல்லிட்டீங்கல்ல. முள்ளு பாத்துத் தின்னுக்கிறேன்."

மத்தியானம் வரை குழம்புக்கென்று விற்றதில் இருபது பெட்டியில் இரண்டு போயிற்று. மற்ற கடைக்காரர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள், திட்டிக்கொண்டே. மிச்சம் ஐந்து பெட்டி பேகம்பூரில் ஜப்பாரின் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறியது. கருவாடு போட்டுவிடலாம், கொழுப்பில்லாத மீன் கருவாட்டில் எண்ணெய்ச் சிக்கு வாடை எடுக்காது என்று நர்கீஸ் சொன்னாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நர்கீஸ் வகுந்தாள், ஃபர்ஹீன் கழுவினாள், ஜப்பார் உப்புத் தடவினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை தானாகப் போயிற்று. காக்கைகள் தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"தோலு மாதிரியே தடவுறீங்க."

"தோலுக்கு வாசன இத விட மோசம்."

சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும்போது இஷாக்கின் போன் வந்தது. ஜப்பார் உப்புக் கையோடு அதை வெறித்துப் பார்த்தார். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது.

"எடுத்துச் சொல்லிருங்க. வாரோம்னு" என்றாள் நர்கீஸ். அவள் கை அடுத்த மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தது. நின்றது. குடலைக் கட்டைவிரலால் வழித்து வெளிச்சத்தில் பிடித்தாள். அரைத்த கறிவேப்பிலை போல, வழவழவென்று பச்சை. இன்னொரு மீனைக் கீறினாள். அதிலும் பச்சை. கழித்துப்போட்ட குடல் சட்டியைக் கிளறிப் பார்த்தாள்.

"ஃபர்ஹீன், அத்தா போன எடு. அந்தப் படத்தக் காட்டு."

அவள் காட்டினாள். நர்கீஸ் கட்டைவிரலைத் திரையில் கேரளக் கரையை ஒட்டி வைத்தாள். விரலின் பச்சை எது, திரையின் பச்சை எது என்று பிரிக்க முடியவில்லை.

"வயிறு ரொம்பி இருக்குங்க" என்றாள். "ஒடம்புல ஏறல, ஆனா தின்ன ஆரம்பிச்சிருச்சு."

ஜப்பார் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷம் பேசிய பிளாங்க்டனை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார்.

போன் மூன்றாவது தடவை அடித்தது. நர்கீஸ் முழங்கையால் பொத்தானைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இஷாக்கு, மதினி பேசுறேன். நாங்க ஐப்பசி வரைக்கும் பாத்துட்டு வாரோம்பா."

"மதினி, எடம் நிக்காது. வேற ஆள் போட்டுருவாங்க."

"போட்டுக்கிரட்டும்."

"அண்ணன் என்னா சொல்றாரு? பச்சை கிச்சைன்னு எதாவது..."

"அவரு ஒண்ணும் சொல்லல. நான் மீன் வயித்தப் பாத்தேன்."

புரட்டாசி பிறந்தது. பாதி ஊர் கவுச்சியை விட்டது. தெருக்காரர்கள் கருவாட்டு வாசனையைப் பற்றி இரண்டு முறை பஞ்சாயத்துக்கு வந்தார்கள். பேரவை, ஜப்பாரை ஆலோசகர் பதவியிலிருந்து நீக்கி லெட்டர்பேடில் கடிதம் கொடுத்தது; ஃபர்ஹீன் அதைக் கருவாடு பொதிய வைத்துக்கொண்டாள். நர்கீஸ் கருப்பணனிடம் தினம் ஒரே பெட்டி சொன்னாள். தினம் காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், கல்லைக் காயவைத்து ஒரு மீன் போட்டாள். தினம் ஒட்டியது. தினம் சுரண்டினாள். கேட்டவர்களிடம், "கொழம்புக்கு மட்டும்" என்றாள். நாலைந்து பேர் வாங்கினார்கள். ஜப்பார் ஐஸ் தட்டினார். டீக்கடையில் கேட்டால், "கடலுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்றார். இரவில் படுத்தால் புரண்டுகொண்டே இருந்தார்.

ஐப்பசி எட்டாம் தேதி, வானம் மூடிக்கிடந்த காலை. நர்கீஸ் மீனைக் கல்லில் வைத்தாள். தண்ணீர் கொதித்தது, வற்றியது. கரண்டியை எடுக்கப் போனவள் நின்றாள். மீனின் வயிற்றோரம் கடுகளவு ஒன்று மினுங்கியது. மெல்ல உருண்டது. பக்கத்தில் இன்னொன்று பிறந்தது. இரண்டும் சேர்ந்து கல்லில் ஒரு விரல் நீளத்துக்கு ஓடி, மீனுக்கு அடியில் போய்ச் சலசலத்தன.

ஜப்பார் ஐஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்ப் போனை எடுத்தது. கேமராவைத் திறந்தார்.

"போன உள்ள வைங்க" என்றாள் நர்கீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. முந்தானை நுனியால் கல்லைத் துடைத்தாள். எதிர்க் கடையில் அந்தோணிராஜ் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி மொடமொடக்க உதறிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கணவன் காதுக்கருகில் சொன்னாள்:

"யாருட்டயும் மூச்சு விடாதீங்க. இன்னும் ஒரு மாசம் நல்லாத் தின்னட்டும். தெரிஞ்சா விழா எடுத்துருவாரு."